ஒரு வயலில் எத்தனை கோதுமை?

கோதுமை தன் மரபுப் பன்மையை இழந்துவிட்டதா என்று ஆய்வுகளைப் புரட்டினால் ஒன்றோடொன்று முரண்படும் விடைகள் கிடைக்கின்றன. அவற்றுள் எதையும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. 2007இல் பிரான்சிலிருந்து வந்த ஓர் ஆய்வு, காட்டு மூதாதையோடு ஒப்பிட்டு டி.என்.ஏ. வரிசையில் உள்ள வேறுபாடுகளை எண்ணியது. ரொட்டிக் கோதுமை 69 விழுக்காட்டையும், பாஸ்தாவுக்கும் ரவைக்கும் உதவும் டியூரம் கோதுமை 84 விழுக்காட்டையும் தொலைத்திருந்தன. 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வு இருபதாம் நூற்றாண்டில் வெளியான பயிர் ரகங்களைப் பத்தாண்டுவாரியாக ஒப்பிட்டது. 1950களைவிட 1960களில் பன்மை 6 விழுக்காடு சரிந்தது, பிறகு மீண்டுவிட்டது என்று அது முடித்தது. 2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை மறுபடி மணியடித்தது: நாட்டு ரகங்களுக்குள் ஏழு மூதாதைக் குழுக்கள் இருக்க, இன்றைய ரகங்கள் பெரும்பாலும் இரண்டிலிருந்தே இறங்கி வந்திருக்கின்றன. மூன்று ஆய்வுகளும் தாம் எண்ணியதைச் சரியாகவே எண்ணின. முதலாவது காட்டுப் புல்லோடும், இரண்டாவது ரகங்களின் பட்டியலோடும், மூன்றாவது பழைய வயல்களிலிருந்து திரட்டிய விதைகளோடும் ஒப்பிட்டன. இந்தப் பருவத்தில் விவசாயி விதைத்துப் பயிர் நிற்கும் நிலத்தில் எத்தனை விதமான கோதுமை இருக்கிறது என்பதை இவற்றுள் ஒன்றும் எண்ணவில்லை. துரு என்னும் பூஞ்சை நோய்க்கு ரகங்களின் பட்டியலோ வம்சாவளியோ தெரியாது; நிற்கும் பயிரை மட்டுமே அது சந்திக்கிறது. ஆகவே கோதுமையின் பன்மையை முதலில் வயலில்தான் அளக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இழப்புக்கான பழி முழுவதையும் பசுமைப் புரட்சியின் மேல் சுமத்துவது வழக்கம். கோதுமையின் பிறப்பே ஒரு குறுகிய வாசல் வழியாக நடந்தது என்பதை அது மறைத்துவிடுகிறது. ரொட்டிக் கோதுமை மூன்று புற்களின் கூட்டு. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு காட்டுப் புற்கள் தாமாகவே கலந்து காட்டு எம்மர் உண்டாயிற்று. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவின் பிறைநிலத்தில் அதை மனிதர்கள் பழக்கினார்கள். பழக்கிய எம்மரைச் சுமந்துகொண்டு உழவர்கள் கிழக்கே காஸ்பியன் கடல் பக்கம் போனபோது, வயலோரம் களையாக நின்ற ஆட்டுப்புல் ஒன்று அதோடு கலந்தது. அந்தக் கலப்பில் பிறந்ததே இன்று நாம் சப்பாத்திக்கு மாவாக்கும் கோதுமை. காட்டில் தானாக விளையும் ரொட்டிக் கோதுமை என்று ஒன்று உலகில் எங்கும் கிடையாது. 42 குரோமோசோம்களும், மனித மரபுத்தொகையைப் போல ஐந்து மடங்குக்கு மேற்பட்ட நீளமும், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மரபணுக்களும் கொண்ட இந்தப் பெரிய உடலை அறிவியல் முழுதாக வாசித்து முடித்தது 2018இல்தான். ஆனால் உடலின் பெருமையும் பன்மையும் வேறு வேறு. அந்த ஆட்டுப்புல் இனத்தின் விரல்விட்டு எண்ணத்தக்க சில செடிகளே கோதுமைக்குள் வந்தன. மலைச்சரிவுகளில் நின்ற மற்றவை வெளியிலேயே தங்கிவிட்டன. அதனால்தான் கோதுமையின் மூன்று பங்குகளில் அந்தப் புல் தந்த பங்கு இன்றும் மிக வறியதாக இருக்கிறது.

இவ்வளவு ஒடுங்கித் தொடங்கிய பயிரை மறுபடி விரித்தது உழவர்களின் கை. ‘நாட்டு ரகம்’ என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு கூட்டம். ஒரே வயலில் மீசை நீண்ட கதிரும் மொட்டைக் கதிரும் நிற்கும். செம்மணியும் வெண்மணியும் கலந்திருக்கும். ஒரு செடி இடுப்பளவு என்றால் பக்கத்துச் செடி மார்பளவு. பூப்பதில்கூடச் சில நாள் முன்பின் இருக்கும். வட இந்தியாவில் அதோடு கொண்டைக்கடலையும் கடுகும் சேர்த்து விதைப்பதும் உண்டு. துருப் பூஞ்சையின் வித்து ஒரு தாளில் விழுந்து முளைத்துப் பெருகினாலும், அடுத்த தாள் அதற்கு இடம் கொடுக்காத செடியாக இருக்கலாம். வறட்சி வந்தால் முந்திப் பூத்தவை தப்பும். கடைசி மழை பெய்தால் பிந்திப் பூத்தவை மணி கட்டும். எந்த ஆண்டிலும் அந்த வயல் உச்ச விளைச்சல் தராது. எந்த ஆண்டிலும் அடியோடு அழிவதும் அரிது. சிந்துவெளியில் மொகஞ்சதாரோவில் கிடைத்த உருண்டை மணிக் கோதுமையின் வழி வந்த குட்டைக் கோதுமை, மகாராஷ்டிரத்தின் கப்லி, மத்திய இந்தியாவின் கதியா, பன்சி என்று அந்தந்த மண்ணும் வெயிலும் சமையலும் பல நூற்றாண்டுகளாகப் பொறுக்கியெடுத்த கூட்டங்கள் இவை.

இந்தக் கூட்டத்தை முதலில் கலைத்தவர் பசுமைப் புரட்சியின் நாயகர் நார்மன் போர்லாக் அல்லர். 1905இல் பீகாரின் பூசாவுக்கு வந்த தாவரவியலாளர் ஆல்பர்ட் ஹோவார்டும் அவர் மனைவி கேப்ரியலும் கலவை வயல்களிலிருந்து நல்ல கதிர்களைத் தனித்தனியாகக் கொய்து, ஒவ்வொன்றின் சந்ததியையும் தனியே வளர்த்துத் தூய வரிசைகளாகப் பிரித்தார்கள். பூசா 4, பூசா 12 போன்ற புகழ்பெற்ற ரகங்கள் அப்படித்தான் வந்தன. மணி பருத்து, நிறம் ஒத்து, சந்தையில் விலை கூடியது. அந்த நன்மையோடு சேர்ந்தே, ஒரு வயலில் ஒரே செடியின் வாரிசுகள் என்ற புதிய வழக்கம் இந்தியக் கோதுமைக்குள் நுழைந்தது. பசுமைப் புரட்சிக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய ஒடுக்கம் இது. அதே காலத்தில் இந்திய நாட்டு ரகங்கள் கடல் கடந்து பிற நாடுகளின் தலையெழுத்தை மாற்றிக்கொண்டிருந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான ‘ஹார்ட் ரெட் கல்கத்தா’ என்ற கோதுமையைத் தாயாகக் கொண்டு, ரெட் ஃபைஃப் ரகத்தோடு கலந்து பிறந்தது கனடாவின் மார்க்விஸ். பனி விழுவதற்குள் அறுவடைக்கு வந்துவிடும் அதன் முந்திவிளையும் குணம் இந்தியத் தாய் கொடுத்த சீதனம். கனடாவின் மேற்குச் சமவெளி கோதுமை நாடானதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் வில்லியம் ஃபேரர் 1901இல் வெளியிட்ட ஃபெடரேஷன் ரகத்தின் வம்சத்தில் ‘எட்டாவா’ என்ற இந்தியக் கோதுமை இருக்கிறது. பெயர் தெரியாத உழவர்கள் வைத்திருந்த கலவை, இரண்டு கண்டங்களின் களஞ்சியத்தை நிரப்பியது.

பசுமைப் புரட்சி பரப்பிய குட்டைக் கோதுமையின் கதையும் பன்மையின் பரிசுதான். ஜப்பானில் தாருமா என்ற உள்ளூர்க் குட்டைக் கோதுமையை அமெரிக்காவிலிருந்து போன ஃபுல்ட்ஸ், டர்க்கி ரெட் ரகங்களோடு கலந்து, 1935இல் நோரின் 10 என்ற ரகத்தைக் கொஞ்சிரோ இனாசுகா வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் பணியில் இருந்த அமெரிக்க அறிஞர் செசில் சால்மன் அதன் விதையை 1946இல் தம் நாட்டுக்கு அனுப்பினார். வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்வில் வோகல் அதைத் தம் ஊர்க் கோதுமையோடு கலந்தார். அவரிடமிருந்து மெக்சிகோவில் போர்லாக்கின் கைக்குப் போயிற்று. உயரமான நாட்டுக் கோதுமைக்கு உரமும் நீரும் தாராளமாகக் கொடுத்தால் கதிர் கனத்துச் சாய்ந்துவிடும். குட்டைத் தாள் அந்தக் கனத்தைத் தாங்கி நின்றது. 1966இல் இந்தியா 18,000 டன் மெக்சிகோ விதையைக் கப்பலில் கொண்டுவந்தது. அடுத்து கல்யாண் சோனா, சோனாலிகா என்று இங்கேயே தேர்ந்தெடுத்த ரகங்கள் பரவின. 1964-65இல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970-71இல் 2.3 கோடி டன்னைத் தாண்டியது. இப்போது 11 கோடி டன் அளவில் நிற்கிறது. எக்டேருக்கு ஒரு டன்னுக்கும் குறைவாக விளைந்த நிலம் மூன்றரை டன் தருகிறது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து ரேஷன் கடை திறந்த நாட்டுக்கு இது எத்தகைய விடுதலை என்பதை எந்த நேர்மையான ஆய்வும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய ரகங்களுக்கே நாடு முழுவதும் திரும்பிவிடலாம் என்பவர்கள், இதே விளைச்சலுக்கு மூன்று மடங்கு நிலம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களிடம் அதற்கு விடை இல்லை.

நவீன ரகங்களின் வம்சாவளி வறண்டுவிட்டது என்ற குற்றச்சாட்டும் பாதி உண்மைதான். மெக்சிகோவில் உள்ள சிமிட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி மையம் 1980களில் பரப்பிய வீரி வகை ரகங்கள், 26 நாடுகளைச் சேர்ந்த 51 பெற்றோர்களை உள்ளடக்கிய மூவாயிரத்துக்கு மேற்பட்ட கலப்புகளின் விளைவு. எந்த நாட்டு ரகத்துக்கும் இவ்வளவு அகன்ற உறவு வட்டம் இருந்ததில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் காஸ்பியன் ஓரத்தில் தற்செயலாக நடந்த திருமணத்தை, 1980களின் நடுவிலிருந்து சிமிட் மையத்தின் முஜீப் காசியும் அவர் குழுவினரும் ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். டியூரம் கோதுமையோடு வெவ்வேறு இடத்து ஆட்டுப்புற்களைக் கலந்து புதிய ஆறுமடிக் கோதுமைகளை உண்டாக்கினார்கள். அப்படி வந்த வம்சத்தில் பிறந்த சுவான்மை 42 சீனாவின் சிச்சுவானில் மஞ்சள் துருவைத் தாங்கி நன்றாக விளைந்தது. சிமிட் ரகங்களின் மரபணுக் குறிகளை 2006இல் ஆராய்ந்தவர்கள், தொடக்கக் குட்டை ரகங்களில் சரிந்த பன்மை பிற்கால ரகங்களில் திரும்ப ஏறியதைக் கண்டார்கள். ஆகவே, பன்மை குறையவில்லை என்று வாதிடும் ரக ஆய்வாளர்கள் எதையும் மறைக்கவில்லை. ரகங்களின் பட்டியலைப் பார்த்தால் அவர்கள் சொல்வதே சரி.

ஆனால் பட்டியலில் நூறு ரகம் இருப்பதும் நிலத்தில் நூறு ரகம் நிற்பதும் ஒன்றாகுமா? 51 பெற்றோரின் குணம் கலந்து கடைசியில் ஒரு ரகமாக வெளியேறும்போது, அது தூய வரிசை; ஒவ்வொரு செடியும் அடுத்த செடியின் நகல். அந்த ஒரு நகலை இந்தியாவின் ஏறத்தாழ 3 கோடி எக்டேர் கோதுமை நிலத்தில் பெரும் பகுதியில் விதைத்தால், வம்சாவளியில் இருந்த பன்மை வயலில் ஒற்றையாகிவிடுகிறது. 1960களின் இறுதியில் வடக்கே எங்கும் நின்ற கல்யாண் சோனாவைச் சில ஆண்டுகளிலேயே துரு உடைத்தது. 1995இல் வந்த பிபிடபிள்யூ 343, பஞ்சாபிலிருந்து உத்தரப் பிரதேசம் வரை பல பத்து லட்சம் எக்டேரில் பரவியது. அது நம்பியிருந்த மஞ்சள் துரு எதிர்ப்பு மரபணுவைத் தாண்டும் பூஞ்சை வந்ததும், அடுத்த பத்தாண்டின் பிற்பகுதியில் மலையடிவார மாவட்டங்கள் மஞ்சளாயின. துரு பிடித்த கோதுமை வயலுக்குள் நடந்து வெளியே வந்தால் வேட்டி மஞ்சள்பொடி தூவியதுபோல் ஆகிவிடும். அந்தப் பொடி முழுவதும் வித்து. அடுத்த காற்றுக்குக் காத்திருக்கும் நோய். விஞ்ஞானிகள் உடனே மாற்று ரகம் கொடுத்தார்கள். அதன்பின் வந்த எச்டி 2967 மறுபடி மிகப் பெரிய பரப்பைத் தனியாகவே பிடித்துக்கொண்டது. ரகத்தின் பெயர் மாறியது, ஒற்றைத்தன்மை மாறவில்லை.

ரகத்துக்கு ரகம் பெயர் வேறானாலும் காவல் மரபணு ஒன்றாக இருக்கலாம் என்பது இதைவிட ஆழமான ஆபத்து. கம்புப்புல் என்னும் ரை பயிரின் குரோமோசோம் துண்டு ஒன்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான கோதுமை ரகங்களுக்குள் போயிற்று. கருந்துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு மூன்றுக்கும் எதிரான மரபணுக்கள் அந்த ஒரே துண்டில் அடுத்தடுத்து இருந்ததால் அது ஒரு வரமாகத் தெரிந்தது. அவற்றுள் கருந்துருவைத் தடுக்கும் எஸ்ஆர் 31 என்ற மரபணு பல ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1998-99இல் உகாண்டாவில் யூஜி 99 என்ற கருந்துரு அதைக் கடந்துவிட்டது. கென்யா, எத்தியோப்பியா, ஏமன், ஈரான் என்று அது நகர்ந்தபோது, காகிதத்தில் வெவ்வேறு நாட்டு ரகங்களாக இருந்தவை எல்லாம் ஒரே பூட்டு மாட்டிய வீடுகள் என்பது தெரிந்தது. இதே போக்கு கோதுமைக் குலைநோயிலும் இப்போது நடக்கிறது. 1985இல் பிரேசிலில் முதலில் கண்ட அந்த நோய் 2016இல் வங்கதேசத்தில் ஏறத்தாழ 15,000 எக்டேரைத் தாக்கியது. ஏகிலோப்ஸ் வென்ட்ரிகோசா என்ற காட்டுப் புல்லிலிருந்து வந்த ஒரே குரோமோசோம் துண்டின் மேல்தான் அதற்கு எதிரான காப்பு பெருமளவு நிற்கிறது. அதைச் சேர்த்தது சரியான செயல்; அதோடு நின்றுவிட்டால் எஸ்ஆர் 31 பாடத்தை நாம் படிக்கவே இல்லை.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. கோதுமை அதிகம் விளையாத மாநிலம் என்றாலும், நாட்டின் துரு நோய்க் கணக்கில் நீலகிரியும் பழனி மலையும் முக்கியமான இடங்கள். வட இந்தியச் சமவெளியின் கோடை வெயிலில் துருப் பூஞ்சை பிழைப்பதில்லை. பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அது எங்கிருந்து வருகிறது என்ற புதிரை ஆக்ராவில் இருந்த கே.சி. மேத்தா பல்லாண்டு உழைத்து விடுவித்தார்: குளிர்ந்த மலைகளில் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு கோதுமைப் பயிரில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு அது இறங்கி வருகிறது. தென்மலைகளின் கருந்துரு வித்துகளை வங்கக் கடலின் புயல் காற்று மத்திய இந்தியா வரை தூக்கிச் செல்லும் வழியை 1970களில் எஸ். நாகராஜனும் உடன் ஆய்ந்தவர்களும் வரைந்து காட்டினார்கள். துரு எப்போதும் இருக்கும் இடம் என்பதாலேயே குன்னூர் அருகே வெல்லிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருக்கிறது. எந்த ரகம் தாங்கும், எது தாங்காது என்பதை அங்கே இயற்கையே சொல்லிவிடும். அந்தத் துருவைத் தாங்கும் குணம் ஒரு பழைய தானியத்திலும் இருக்கிறது. கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் கப்லி என்றும் தமிழ்நாட்டில் சம்பா கோதுமை என்றும் பெயர் பெற்ற எம்மர் அது. உமி லேசில் கழலாது, இடித்துப் புடைக்க வேண்டும், விளைச்சல் குறைவு. இதே கப்லியைத்தான் அமெரிக்காவில் ஸ்டேக்மன் குழுவினர் கருந்துரு இனங்களை அடையாளம் காணும் பன்னிரண்டு சோதனைக் கோதுமைகளுள் ஒன்றாக வைத்திருந்தார்கள். அதிலிருந்து எடுத்த எதிர்ப்பு மரபணுக்கள் வேறு கோதுமைகளுக்குள் போயிருக்கின்றன. நம் கடையில் ரவையாகக் கிடைக்கும் தானியம் உலகத்தின் நோய்க் காவலில் ஒரு பங்கு.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். பழைய விதைகள் எல்லாம் மரபணு வங்கிகளில் பத்திரமாக இருக்கின்றன, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம், வயலில் ஏன் வைத்திருக்க வேண்டும்? வங்கிகளின் அருமையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ரஷ்யத் தாவரவியலாளர் நிகோலாய் வவிலோவ் உலகெல்லாம் அலைந்து சேர்த்த விதைகளை, அவர் ஸ்டாலினின் சிறையில் மடிந்துகொண்டிருந்த நாட்களில், முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டில் அவருடைய ஊழியர்கள் பட்டினியால் இறந்தும் தின்னாமல் காத்தார்கள். அந்தத் தியாகத்தின் முன் தலை தாழ்த்தாதவர் விதையைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர். சிரியாவின் அலெப்போ அருகே இருந்த இக்கார்டா ஆராய்ச்சி மையத்தின் விதை வங்கி போரில் கைவிட்டுப் போனபோது, 2008இல் திறந்த ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தில் வைத்திருந்த பிரதிகளை 2015இல் திரும்ப எடுத்து, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். பெட்டகம் தன் வேலையைச் செய்தது. ஆனால் உறைந்த விதை உறைந்த நாளிலேயே நிற்கிறது. வெளியே பூஞ்சை ஆண்டுதோறும் மாறுகிறது, வெயில் ஏறுகிறது. உள்ளே இருப்பது அவற்றைச் சந்திப்பதில்லை. அதோடு, பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாவிட்டால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். 1948இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஜாக் ஹார்லன் கிழக்குத் துருக்கியில் ஒரு கோதுமையைச் சேகரித்தார். நோஞ்சான் தாள், எளிதில் சாயும். பழுப்புத் துருவுக்கு இரையாகும். மாவு ரொட்டிக்கு ஆகாது. பிஐ 178383 என்று எண்ணிட்டு அலமாரியில் வைத்து, பதினைந்து ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடமேற்கில் மஞ்சள் துரு பரவியபோது எடுத்துச் சோதித்தால், அந்த நோஞ்சான் நான்கு வகை மஞ்சள் துருவையும், கரிப்பூட்டையின் 35 இனங்களையும், குட்டைக் கரிப்பூட்டையின் பத்து இனங்களையும் தாங்கி நின்றது. பிறகு வடமேற்கின் ரகங்களில் எல்லாம் அதன் இரத்தம் ஓடிற்று. இதைப் பெட்டகத்தின் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள்; அந்தப் பதினைந்து ஆண்டு மறதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்த மறதி எவ்வளவு பெரியது என்பதை வாட்கின்ஸ் சேகரிப்பு காட்டுகிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆர்தர் வாட்கின்ஸ் 1920களிலும் 30களிலும் 32 நாடுகளின் சந்தைகளிலிருந்தும் வயல்களிலிருந்தும் கோதுமையைத் தருவித்தார். இந்திய ரகங்களும் அதில் ஏராளம். எஞ்சியிருக்கும் 827 விதை வரிசைகளையும் பிரிட்டிஷ், சீன ஆய்வாளர்கள் சேர்ந்து முழுமையாக வாசித்து முடித்தபோதுதான், தொடக்கத்தில் சொன்ன அந்த ஏழில் இரண்டு என்ற கணக்கு வெளியாயிற்று. மீதி ஐந்து குழுக்களில் உள்ள மரபணு வடிவங்கள் நூறு ஆண்டுகளாகப் பெட்டிக்குள் உறங்கியிருக்கின்றன. இவை வெறும் நோய்க் காப்பு மட்டும் இல்லை. காட்டு எம்மரில் மணிக்குப் புரதமும் இரும்பும் துத்தநாகமும் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு மரபணு முழுதாக வேலை செய்கிறது. பெரும்பாலான நவீனக் கோதுமைகளில் அது செயலிழந்த வடிவம் என்று 2006இல் கண்டார்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் நடந்துவரும் சோதனை வயலின் பழைய மணிகளை ஆராய்ந்தபோது, 1960களின் நடுப்பகுதி வரை மாறாமல் இருந்த துத்தநாகமும் இரும்பும், குட்டை ரகங்கள் வந்த பின் குறைந்திருந்தன. பொதுவிநியோகக் கோதுமையையே முக்கிய உணவாகக் கொண்ட குடும்பங்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய குறைவு. இதோடு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். பழைய கோதுமையில் குளூட்டன் இல்லை, சீலியாக் நோயாளியும் உண்ணலாம் என்று விற்கிறார்கள். அது ஆபத்தான பொய். எம்மரிலும் குளூட்டன் இருக்கிறது. பாரம்பரிய விதைக்கு நேர்மையான காரணங்கள் போதுமான அளவு இருக்கும்போது பொய்க் காரணம் எதற்கு?

மரபணுத் திருத்தம் வந்துவிட்டதே, காட்டுப் புல்லைத் தேடி அலையத் தேவையென்ன என்றும் கேட்கிறார்கள். 2014இல் சீன அறிஞர்கள் கோதுமையின் மூன்று பங்குகளிலும் ஒரே மரபணுவைத் திருத்திச் சாம்பல் நோயைத் தாங்கவைத்தது பெரிய சாதனை. ஆனால் எதைத் திருத்துவது என்பது முன்பே தெரிந்திருந்தது. பார்லியில் இயற்கையாகவே தாங்கி நின்ற நாட்டுச் செடிகள் அதை ஏற்கெனவே காட்டியிருந்தன. கத்தரிக்கோல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் துணி வேண்டும். ஒற்றை மரபணுவால் ஆகாத குணங்களும் உண்டு. 2022 மார்ச்சில் அடித்த அனலில் மணி சுருங்கி, மே மாதம் இந்தியா கோதுமை ஏற்றுமதியையே நிறுத்த வேண்டி வந்தது. வெப்பத்தைத் தாங்குவது வேர், இலை, பூக்கும் நாள் என்று பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் காரியம். ஈரம் ஆழத்தில் ஒதுங்கிவிட்ட மண்ணில் விதையை ஆழமாக ஊன்றினால், நோரின் வழிக் குட்டை மரபணு கொண்ட கோதுமையின் முளையுறை நீளம் போதாமல் பல விதைகள் வெளியே வருவதில்லை. உயரத்தைக் குறைத்தும் முளையைக் குறுக்காத வேறு மரபணுக்களை இப்போது தேடிப் பயன்படுத்துகிறார்கள்.

வயலில் பன்மை வேண்டும் என்றால் விவசாயி ஒப்புவாரா என்பதே கடினமான கேள்வி. அறுவடை இயந்திரத்துக்கு ஒரே உயரம் வேண்டும். கொள்முதல் நிலையத்துக்கு ஒரே நிறம் வேண்டும். நன்றாக விளையும் ரகத்தை எல்லோரும் விரும்புவதில் தவறில்லை. இதற்கு விடை நம்மிடமே இருந்தது. கல்யாண் சோனா துருவில் விழுந்தபின், அதன் உயரம், பருவம், மணி எல்லாவற்றிலும் ஒத்து, துரு எதிர்ப்பில் மட்டும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல வரிசைகளை உருவாக்கி, விதையைக் கலந்து ஒரே ரகமாகத் தந்தார்கள். லூதியானாவின் கேஎஸ்எம்எல் 3, டெல்லியின் எம்எல்கேஎஸ் 11 அப்படி வந்தவை. பார்வைக்கு ஒரே வயல். பூஞ்சைக்குப் பல வயல். நாட்டு ரகக் கூட்டத்தின் அறிவை அறிவியல் தன் மொழியில் திரும்பச் சொன்ன முயற்சி அது. இன்னும் அதிகம் விளைந்த தனி ரகங்கள் வந்ததும் அவை கைவிடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் ஒரே தன்மையற்ற கலவை விதையை இயற்கை வேளாண்மைக்கு விற்கச் சட்டத்தில் இடம் கொடுத்திருக்கிறது. நாம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்ததை மறுபடி எடுக்கத் தயங்கக் காரணமில்லை. விளைச்சலில் சிறிது விட்டுக்கொடுக்க நேரலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் துரு வந்த ஆண்டின் இழப்பையும் மருந்துத் தெளிப்பின் செலவையும் சேர்த்துக் கணக்கிடாமல், நல்ல ஆண்டின் மூட்டையை மட்டும் எண்ணுவது விவசாயக் கணக்கு ஆகாது. கப்லியும் கதியாவும் இன்னும் விளையும் பகுதிகளில் அவற்றைப் பயிரிடுவோருக்கு, மணிக்குரிய விலையோடு அந்தக் கூட்டத்தை உயிரோடு வைத்திருப்பதற்கான கூலியும் தர வேண்டும். அவர்கள் நாட்டின் பெட்டகத்தைத் திறந்த வெளியில் காக்கிறார்கள்.

ஒவ்வொரு ராபி பருவத்திலும் எத்தனை லட்சம் டன் கொள்முதல் என்று அரசு அறிவிக்கிறது. அதே அறிக்கையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்த ரகம் எத்தனை எக்டேரில் நிற்கிறது, அவற்றைக் காக்கும் துரு எதிர்ப்பு மரபணுக்கள் எவை, அவற்றுள் ஒரே மரபணுவை நம்பி நிற்கும் பரப்பு எவ்வளவு என்ற மூன்று வரிகளும் வர வேண்டும். மாநில வேளாண் துறைகளும் பல்கலைக்கழகங்களும் மனம் வைத்தால் அடுத்த விதைப்புக்கு முன்பே இதைத் தொடங்கலாம்.